மறுபடியும் அல்ல, இன்னொன்று

"மறுபடியும் வந்துடுச்சா டாக்டர்?" என்று அம்மா கேட்டார்.

"இல்லம்மா, பழையது திரும்பி வரலை. இது வேற புற்றுநோய்" என்றார் மருத்துவர்.

எட்டு ஆண்டுகளுக்கு முன், 47 வயதில், அம்மாவுக்குக் கருப்பையில் புற்றுநோய். அறுவை சிகிச்சை செய்து கருப்பையை எடுத்தார்கள். ஐந்தாண்டுகள் கடந்ததும் கோயிலில் அர்ச்சனை செய்து, தொல்லை விட்டது என்று நிம்மதியடைந்தோம். இப்போது பெருங்குடலில். மலத்தில் இரத்தம் போனதை மூலம் என்று நினைத்து மூன்று மாதம் எங்களிடம் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

மருத்துவர் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். பாட்டி தோட்டத்தில் 'வயிற்றுக் கட்டி'யால் இறந்தது, பெரிய மாமா 44 வயதில் குடல் புற்றுநோயால் போனது எல்லாம் எங்களுக்குத் தெரியும். ஆனால், அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

உயிரணு பிரியும்போது மரபணுவில் விழும் எழுத்துப் பிழைகளைத் திருத்தச் சில மரபணுக்கள் உண்டு. அவற்றில் ஒன்று பிறவியிலேயே பழுதாக இருந்தால் பெருங்குடல், கருப்பை, சினைப்பை போன்ற இடங்களில் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம். இள வயதிலும் வரலாம். இதற்கு லிஞ்ச் சிண்ட்ரோம் என்று பெயர். பல பெண்களுக்குக் கருப்பைப் புற்றுநோய்தான் அதன் முதல் அறிகுறி.

பரிசோதனையில் அம்மாவுக்கு அது உறுதியானது. பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வர 50 விழுக்காடு வாய்ப்பு என்றார்கள். "நகை நட்டுதான் கொடுக்க முடியலை, இதையா கொடுத்தேன்?" என்று அம்மா அழுதார்.

"கல்யாணம் ஆகாத பொண்ணு, வெளியே தெரிஞ்சா யார் கட்டுவா?" என்றார் அத்தை. அந்தச் சொல்லுக்குப் பயந்து இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். பிறகு இரத்தம் கொடுத்தேன். தம்பிக்கு இல்லை, எனக்கு இருக்கிறது.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஆனால், தெரிந்ததால்தான் கொலோனோஸ்கோப்பி செய்தேன். 29 வயதில் என் குடலில் ஒரு சிறு பாலிப் இருந்தது. புற்றாக மாறுமுன் எடுத்துவிட்டார்கள். இனி ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை இந்தச் சோதனை தொடரும். அம்மாவும் சிகிச்சை முடிந்து, பழையபடி மார்க்கெட்டுக்குப் போய் வருகிறார்.

பெரிய மாமாவின் மகளை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவள், "எந்த டாக்டரைப் பார்க்கணும்?" என்று கேட்டாள்.

இந்தத் தீபாவளிக்கு உறவுகள் கூடும்போது நீங்களும் கேளுங்கள்: யாருக்கு, எந்த வயதில், எந்த இடத்தில் புற்றுநோய் வந்தது? பதிலை எழுதி வைத்து, உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.