மேசை நாட்காட்டியில் குறிக்க வேண்டியவை

பிப்ரவரி 11, 2025, செவ்வாய்
கத்தோலிக்கர்களுக்கு இது உலக நோயாளர் நாள். 1993 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. அரசு மருத்துவமனை வார்டுக்குள் பங்குத்தந்தை எண்ணெய்ச் சிமிழோடு நுழைந்தால், உயிர் பிரியப்போகிறது என்று பக்கத்துக் கட்டில்காரர்கூட எண்ணிவிடுவார். அந்த எண்ணெய் பூசும் சடங்கின் பழைய பெயரே ‘அவஸ்தைப் பூசுதல்’தானே! இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பிறகு அது ‘நோயில்பூசுதல்’ ஆயிற்று. கடும் நோயிலும், பெரிய அறுவைச் சிகிச்சைக்கு முன்பும் பெறலாம். பிழைத்தெழுந்தவர் பிறகொரு நோயில் மறுபடியும் பெறலாம். செவிலியர் திரையை இழுத்துவிட்டுப் பத்து நிமிடம் ஒதுக்கித் தந்தால் போதும். அடுத்த கட்டிலில் யெகோவா சாட்சி ஒருவர் இருந்தால் சிக்கலே வேறு: அவர் இரத்தம் ஏற்றிக்கொள்ள மாட்டார். பதிவேட்டிலோ இருவருக்கும் ‘கிறிஸ்தவர்’ என்ற ஒரே சொல்தான்.

மார்ச் 5, புதன்
சாம்பல் புதன், ஊர்ப் பெரியவர்கள் வாயில் இன்னும் விபூதிப் புதன். நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வருபவரிடம் முகத்தைத் துடைக்கச் சொல்லிவிடக் கூடாது. ஈஸ்டர் வரை 46 நாள், ஞாயிறுகளைக் கழித்தால் 40. கத்தோலிக்கருக்கு இது தவக்காலம், சி.எஸ்.ஐ. எனும் தென்னிந்தியத் திருச்சபையாருக்கு லெந்து, பெந்தெகொஸ்தே சபையார் பெரும்பாலும் அனுசரிப்பதில்லை. அசைவம் விடுவது வீட்டுக்கு வீடு மாறும். விடுதியிலும் சிறையிலும் சாப்பிடுபவரைக் கேட்பதே வழி.

ஏப்ரல் 18, வெள்ளி
பெரிய வெள்ளி. வாழ்த்துச் சொல்லும் நாள் அல்ல. கத்தோலிக்கக் கோவிலில் இன்று திருப்பலி கிடையாது, மணியும் அடிக்காது. சி.எஸ்.ஐ. ஆலயங்களில் நண்பகல் 12 முதல் 3 வரை மும்மணி ஆராதனை. மார்ச் 21 அன்றோ அதன் பிறகோ வரும் முதல் பௌர்ணமியைத் திருச்சபைக் கணக்குப்படி பார்த்து, அதற்கு அடுத்த ஞாயிற்றை ஈஸ்டர் என்று வைக்கிறார்கள்; அதற்கு முந்தைய வெள்ளிதான் பெரிய வெள்ளி. ஆகவே போன ஆண்டு நாட்காட்டி உதவாது. 2019இல் தமிழகத்தின் மக்களவை வாக்குப்பதிவு ஏப்ரல் 18 அன்று பெரிய வியாழனில் விழுந்தது. ஆலய வளாகப் பள்ளிகள் பலவும் வாக்குச்சாவடிகள். மாலையில் அதே வளாகத்தில் பாதம் கழுவும் சடங்கு. தேதியை மாற்றக் கேட்ட மனுவை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி
தேசிய கீதத்தின்போது எழுந்து நின்றும் பாடாத பிள்ளைகளை அவமதித்தவர்கள் என்று முடிவுகட்டுவது அவசரம். 1985இல் கேரளப் பள்ளியொன்று யெகோவா சாட்சிப் பிள்ளைகள் மூவரை இதற்காக வெளியேற்றியது. 1986இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது.

ஆகஸ்ட் 29, வெள்ளி
வேளாங்கண்ணியில் கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் வரை விழா. காவியுடுத்தி நடந்து வருவோரில் இந்துக்களும் உண்டு. சி.எஸ்.ஐ.காரரிடம் “மாதா கோவிலுக்குப் போகலையா?” என்பது பொருந்தாத விசாரிப்பு.

நவம்பர் 2, ஞாயிறு
கல்லறைத் திருநாள். மெழுகுவர்த்தியும் பூவுமாகக் குடும்பங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு வரும். குருவானவர் வந்து கல்லறைகளை மந்திரிப்பார். நகராட்சிக்கு வேலை முந்தியே தொடங்குகிறது: புதர் வெட்டுவது, தண்ணீர்க் குழாய், விளக்கு. வடகிழக்குப் பருவமழை வேறு. அக்டோபர் கடைசி வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும்.