எலியின் ஈரலும் மாமியின் ஈரலும்

எம்மவர் மத்தியில் கதிர்வீச்சுச் சிகிச்சைக்குக் 'கரண்ட் பிடிக்கிறது' என்றுதான் பெயர். மகரகம ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவர்கள் சொல்லக் கேட்ட சொல் அது. கரண்ட் என்றால் ஆளை அடித்து விழுத்துவது என்ற நினைப்பும் அந்தச் சொல்லோடு சேர்ந்தே வந்துவிட்டது.

இந்த வருடம் வந்து சேர்ந்த ஒரு குடும்பம். மாமிக்கு இரைப்பையில் கட்டி. வெட்டி எடுத்தாயிற்று, இனிக் கதிர் பிடிக்கவேண்டும் என்றார் டொக்டர். வீட்டில் பாஷை தெரிந்தவன் பத்தாம் வகுப்புப் பெடியன் ஒருவன்தான். பக்கத்தில் இருக்கும் ஈரலிலும் கொஞ்சம் படும் என்று டொக்டர் சொன்னதை வைத்துத் தேடி, எலிகளின் ஈரல் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்றை எடுத்துவந்துவிட்டான். "எலிக்கு ஈரல் பழுதாப் போச்சுதெண்டால் எனக்கு மட்டும் என்ன விதிவிலக்கே?" என்று மாமி மறுத்துவிட்டா. திங்கட்கிழமை பதில் சொல்லவேண்டும். சனிக்கிழமை பின்னேரம் நாம் அங்கு போய், அந்தக் கட்டுரையை வரி வரியாக வாசித்தோம்.

கதிர் உடலுக்குள் போகும்போது கலங்களிலுள்ள நீரை உடைக்கிறது. அதில் பிறக்கும் வேகமான துணிக்கைகள் கலத்தின் கொழுப்பையும் மரபுப் பொருளையும் தாக்குகின்றன. எலியின் ஈரலில் இது சில மணி நேரத்திலேயே தெரியும். காப்புப் பொருளான குளூட்டத்தயோன் குறையும். ஈரலுக்குள் இருக்கவேண்டிய நொதியங்கள் இரத்தத்தில் கசியும். ஆனால், உடல் முழுவதும் கதிர் பட்ட எலி முதலில் சாவது ஈரலால் அல்ல; குடலாலும் எலும்பு மச்சையாலும். அங்குள்ள கலங்கள் ஓயாமல் பிரிபவை. ஈரற் கலங்கள் அப்படி இல்லை, அடிபட்டும் சும்மா இருக்கும்.

அந்தச் சும்மா இருத்தலை நம்பமுடியாது. எலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டினாலும் ஒன்றிரண்டு வாரத்தில் வளர்ந்துவிடும். முன்னரே கதிர் பட்ட ஈரலை வெட்டினாலோ வளர்ச்சி பின்தங்கும். முறிந்த நிறமூர்த்தங்கள் அப்போதுதான் வெளிப்படும். மனிதரிலும் ஈரல் கதிரைத் தாங்கும் என்றே ஒரு காலத்தில் எண்ணியிருந்தார்கள். 1965இல் அமெரிக்க வைத்தியர்கள் வெளியிட்ட கட்டுரைதான் அந்த எண்ணத்தை மாற்றியது. முழு ஈரலிலும் கூடுதலாகக் கதிர் பட்டவர்களுக்கு, இரண்டு வாரம் முதல் சில மாதங்களுக்குள் வயிறு வீங்கி, நிறை கூடும். ஈரலின் சிறு நாளங்கள் அடைபடுவதே காரணம். மாமியின் பயம் வெறும் பயமல்ல என்பதை நாம் மறைக்கவில்லை.

ஆனால் கட்டுரையில் வந்த எலிக்கு ஒரே தடவையில், உடல் முழுவதும் கதிர். மாமிக்கோ நாளுக்குக் கொஞ்சமாக, பல வாரங்களுக்கு, குறித்த இடத்துக்கு மட்டும். ஸ்கான் எடுத்து, ஈரலில் எவ்வளவு படும் என்று முன்கூட்டியே கணக்குப் பார்க்கிறார்கள். படாத பங்கு வேலையைப் பார்த்துக்கொள்ளும். இதைச் சொன்னதும் மாமி எழுந்திருந்து தேத்தண்ணி போடச் சொன்னா.

ஈரலுக்கென்று கீழ்க்காய்நெல்லி அவித்துக் குடிக்கச் சொல்லி யாரோ தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். எலிகளில் அப்படியும் பரிசோதித்திருக்கிறார்கள்தான். ஆனால் எலியைக் காக்கும் மருந்து கட்டியையும் காத்தால் என்ன செய்வது? டொக்டரைக் கேட்காமல் குடிக்கவேண்டாம் என்றோம். மாமிக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை.

பிறகு பெடியன் கொப்பியில் கேள்விகளை எழுதினான். ஈரலில் எவ்வளவு பங்குக்குக் கதிர் படும்? இரத்தத்தை எத்தனை நாளைக்கொருமுறை பார்ப்பீர்கள்? வயிறு வீங்கினால் யாருக்கு அறிவிப்பது? நாலாவதை மாமியே சொன்னா: "பெரிய ஆளா ஒரு மொழிபெயர்ப்பாளரை விடச்சொல்லிக் கேள். இதெல்லாம் பிள்ளை சொல்லுற கதையே?"

திங்கட்கிழமை அதைத்தான் முதலில் கேட்டார்கள். அடுத்த வாரம் மொழிபெயர்ப்பாளர் வந்தா. மாமி இப்போது மூன்றாவது வாரமாகக் கதிர் பிடிக்கிறா. பெடியன் அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தில் இருக்கிறான்.