கீழ்த்தட்டுப் பெட்டி

ஹைதராபாத்தில் ஓர் ஆய்வுக்கூடம். மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரின் கீழ்த்தட்டில் உறைபனி அப்பிய ஓர் அட்டைப் பெட்டி. ஒன்பதுக்கு ஒன்பது, 81 டியூப்கள். மூடிகளில் மார்க்கர் பேனாவால் ‘ஆர்-1’, ‘ஆர்-2’, ‘ஆர்-2 புதியது’. ஆர் என்றால் ராய்ச்சூரா, ராவ் குடும்பமா, இல்லை ‘ரிப்பீட்’டா? சில மூடிகளில் அதுவும் இல்லை. ஆல்கஹால் பட்டால் பல ‘பெர்மனென்ட்’ மைகள் நிரந்தரமல்ல. எழுதிய சீனியர் பட்டம் வாங்கிக்கொண்டு வெளிநாடு போய்விட்டார். மின்னஞ்சலுக்கு ஒரே வரியில் பதில்: “நோட்டில் இருக்குமே.”

பெட்டி, புதிதாகச் சேர்ந்த ஆய்வு மாணவியின் தலையில் விழுந்தது. ஆய்வுக்கூடம் அப்போதுதான் மென்பொருளுக்கு மாறியிருந்தது. ஜூரிச்சின் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தில் உருவாகி இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்பிஸ். ஒவ்வொரு மாதிரிக்கும் தனி எண். அது பார்கோடாக, குளிர் தாங்கும் ஒட்டுத்தாளில் டியூபில் ஏறும். யாரிடம் எடுத்தது, எப்போது, எத்தனை முறை உருகி உறைந்தது என்ற விவரமெல்லாம் கணினியில். ரத்தத்திலிருந்து பிரித்த டி.என்.ஏ., அந்த ரத்தத்தின் பிள்ளையாகப் பதிவாகும். கல்யாணத் தரகர்கூட இவ்வளவு குலம் கோத்திரம் விசாரிக்க மாட்டார்.

விசாரிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டன் சாட்சி. ‘மேட் கவ்’ நோய் ஆடுகளுக்கும் வந்திருக்கிறதா என்று அங்கே சில ஆண்டுகள் ஆட்டு மூளைகளை ஆராய்ந்தார்கள். ஆம் என்றால் நாட்டின் ஆடுகள் அத்தனையையும் கொல்வதுவரை அரசு யோசித்து வைத்திருந்தது. 2001 அக்டோபரில், கடைசி நேர டி.என்.ஏ. சோதனையில் தெரிந்தது: ஆராய்ந்தது மாட்டு மூளை.

மாணவி மூன்று வாரம் நோட்டுகளோடு மல்லுக்கட்டினாள். ஒப்புதல் படிவங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டதில் 63 டியூப்களுக்கு ஆள் கிடைத்தது. மீதி 18. மென்பொருளில் ‘சேகரித்த தேதி’ கட்டாயக் கட்டம். நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. ‘தெரியாது’ என்ற சொல்லை அது ஏற்கவும் இல்லை.

“தோராயமா ஒரு தேதி போடும்மா. நாலைந்து மாத வித்தியாசம்தானே?” என்றார் கைடு. அவருக்குக் கட்டுரை அனுப்பும் அவசரம். கெட்ட மனிதர் அல்ல. நம் ஆய்வுக்கூடங்களில் பல தேதிகள் இப்படித்தான் பிறக்கின்றன. கணினியில் ஏறிவிட்டால் ஊகத்துக்கும் உண்மைக்கும் ஒரே எழுத்துரு.

தூக்கிப் போடவும் அவளுக்கு மனம் வரவில்லை. 18 பேர் ஊசிக்குக் கை நீட்டியிருக்கிறார்கள். எதற்கு நீட்டினார்கள் என்ற படிவம் எதுவென்று தெரியாதபோது, அந்த ரத்தத்தைத் தொடவும் உரிமையில்லை.

மறுநாள் கணினிப் பிரிவுக்குப் போய், தேதிக் கட்டத்தின் கட்டாயத்தை நீக்கச் சொன்னாள். கைடு ஒரு மணி நேரம் பேசவில்லை. பிறகு கையெழுத்துப் போட்டார். 18 டியூப்களிலும் பார்கோடு ஏறியது. குறிப்பில், ‘யாருடையது, எப்போது எடுத்தது, தெரியவில்லை. ஆய்வுக்குப் பயன்படுத்தக் கூடாது’ என்று எழுதி, தன் பெயரையும் அன்றைய தேதியையும் சேர்த்தாள். பெட்டி மறுபடி கீழ்த்தட்டுக்குப் போனது.