அவசரத்துக்கு ஒரு கொமோத்!

'கம்மோட்' என்றால் நமக்கெல்லாம் பாத்ரூம்தான். எங்கள் நோணாங்குப்பம் பெரியப்பாவோ அதில்தான் பென்ஷன் காகிதம், பெரியம்மாவின் வளையல், நெஞ்சுவலி மாத்திரை எல்லாம் பத்திரமாக வைத்திருந்தார்!

பெரியப்பா ஒரு 'சொல்தா'. பிரெஞ்சு ராணுவ பென்ஷன்காரர். பிரெஞ்சில் 'கொமோத்' என்றால் 'வசதியான' என்று அர்த்தம். 18-ஆம் நூற்றாண்டில் இழுப்பறை வைத்த மரப்பெட்டிக்கு அங்கே அந்தப் பெயர் வந்தது. இங்கிலீஷ்காரர்கள் அதைக் கடன் வாங்கி, 19-ஆம் நூற்றாண்டில் மலச்சட்டியை மறைத்து வைத்த நாற்காலிக்கும் சூட்டினார்கள். நம்மிடம் வந்தபோது மரம் போய் பீங்கான் ஆகிவிட்டது. 1954-ல் பிரெஞ்சு ஆட்சி போயும், பெரியப்பா வீட்டில் மட்டும் கொமோத் மரமாகவே நின்றது.

ஒரு ராத்திரி பெரியப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "மாத்திரை... கொமோத்ல..." என்றார். சென்னையிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை ஒரே ஓட்டமாக பாத்ரூமுக்கு ஓடி, மூடியைத் திறந்து பார்த்து, "ஐயோ மாமா, ஃப்ளஷ் பண்ணிட்டீங்களா?" என்று அலறினார். பெரியம்மாதான் இரண்டாவது இழுப்பறையிலிருந்து மாத்திரையை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்தார்.

பிழைத்தெழுந்த பெரியப்பா சிரித்தார்: "ரெண்டு கொமோத்தும் அவசரத்துக்குத்தான் மாப்ளே. எந்த அவசரம்னு தெரிஞ்சு ஓடணும்!"

உங்கள் வீட்டுப் பெரியவர் மாத்திரையை எங்கே வைக்கிறார்? இன்றைக்கே கேட்டு வையுங்கள். எந்த பாஷையில் சொல்கிறார் என்பதையும் சேர்த்து!