மெட்டுக் கழற்றிய கிற்றார்

பேஸ் கிற்றாரில் தோடி வராது என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். வீணையில் மெட்டின் மேல் தந்தியைப் பக்கமாக இழுத்துக் கமகம் பிடிக்கலாம். பேஸின் தடித்த தந்தி அவ்வளவு இழுபடாது. 1951 இல் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது, சுருதி பிசகக்கூடாது என்றுதான் மெட்டு வைத்தார். பிரிசிஷன் என்றாலே துல்லியம். எங்களுக்கு அதுவே தடை.

எனவே மெட்டுகளைக் கழற்றினோம். இருந்ததோ ஒரேயொரு பழைய கிற்றார். கோயில் மண்டபத்துக்கும் அதுதான், பைலாவுக்கும் அதுதான். பழுதானால் வேறொன்று வாங்கக் காசில்லை. ஒவ்வொரு மெட்டையும் பற்றாசுக் கோலால் சூடாக்கி, குறட்டால் மெல்ல மெல்லக் கிளப்பவேண்டும். அவசரப்பட்டால் மரம் சிராய் சிராயாகப் பெயர்ந்துவிடும். பிளவுகளில் வெள்ளை மரச்சீவலைப் பசையோடு இறுக்கி, அரத்தாளால் தேய்த்தோம். அமெரிக்கக் கலைஞர் ஜாகோ பஸ்டோரியஸ் தமது மெட்டில்லாத ஃபெண்டருக்குப் படகுக்குப் பூசும் எப்பொக்சியைப் பூசினார்; சொரசொரத்த தந்தி விரற்பலகையை அராவிவிடும் அல்லவா? நாங்கள் வழவழப்பான தட்டைத் தந்தி போட்டுச் சமாளித்தோம்.

இனி விரல் அந்த வெள்ளைக் கோட்டின் மேலேயே விழவேண்டும். ஒரு நூல் விலகினாலும் அபசுரம். நாலு மாதம் காதைத் தீட்டினோம். இப்போது தோடியின் காந்தாரம் அசைகிறது; மிருதங்கக்காரர் தலையாட்டுகிறார். பைலாக்காரர்தான் இன்னும் எங்களோடு கதைப்பதில்லை.