அடிவாரத்தில் ஒருவர்

மலையேறப் போனாலும் மைத்துனன் துணை வேண்டும் என்பது நம் முன்னோர் வழக்கு. அம்மொழியின் பொருளை நம் பங்கு இளைஞர்கள் நமக்கு மீண்டும் ஒருமுறை கற்பித்தனர்.

கும்மிடிப்பூண்டி சமவெளி ஊர். கிழக்கே பழவேற்காட்டு ஏரி. அருகே சிப்காட் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள். வானம் தெளிந்த காலையில் மேற்கே நீலக் கோடாகத் தோன்றும் குன்றுகளே இங்குள்ள பிள்ளைகள் அறிந்த மலை. இத்தகைய ஊரிலிருந்து பதினொருவர் ஒரு ஞாயிறு மாலை நம் அறைக்கு வந்து, "சாமி, அகத்தியர் மலைக்குப் போகலாம் என்றிருக்கிறோம். நீங்களும் வர வேண்டும்" என்றனர். அவர்களுள் எழுவர் இரும்பாலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர். வேலைக்கு வாராத நாளுக்குக் கூலியில்லாதவர். ஐந்து நாள் ஊதியத்தை இழந்தேனும் ஒரு மலையைக் காண வேண்டும் என்னும் அவ்விருப்பத்தை எளிதாக எண்ணலாகாது. உடன் வருவதாக அப்பொழுதே வாக்களித்தோம்.

பொதிகை எனத் தமிழர் போற்றும் அம்மலை 1,868 மீட்டர் உயரமுடையது. கீழ்ச்சரிவில் தாமிரபரணி பிறக்கின்றது. ஏறும் வழியோ கேரளத்துப் போனக்காட்டிலிருந்து தொடங்குகின்றது. அங்கிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் காட்டு வழி நடந்தால் அதிருமலை என்னும் இடத்தில் வனத்துறையின் தங்குமிடம் உண்டு. யானை நெருங்காதபடி சுற்றிலும் அகழி வெட்டிய எளிய கொட்டகை அது. இரவு அங்கே பாயில் படுத்து, மறுநாள் உச்சிக்கு ஏறி இறங்க வேண்டும். மூன்றாம் நாள் திரும்பலாம். ஆண்டின் தொடக்கத்தில் சில வாரங்களே வழி திறக்கப்படும். அதுவும் வரையறுத்த எண்ணிக்கையினர்க்கே. நம் குழுவில் இருவர் பெண்கள். கேரள உயர்நீதிமன்றத்தின் 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்பினால் 2019 முதல் பெண்களும் அங்கே செல்கின்றனர்.

திட்டமிடல் என்பது பெரும்பாலும் கணக்கே. 1892-இல் நெய்ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து மலையேறி ஒரு விதி சொன்னார்: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதனோடு ஒவ்வோர் 600 மீட்டர் ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணி நேரம். அது பழகிய கால்களுக்குச் சொன்னது. முதுகில் சுமையும் வழியில் ஓடைகளும் உள்ள நமக்கு அதை இரட்டிப்பாக்கிக் கொண்டோம். அதிருமலைக்குச் சற்று முன்னுள்ள ஏற்றத்துக்கு முட்டிடிச்சான் தேரி என்றே பெயர். அங்கே முழங்கால் படும் பாட்டை அப்பெயரே உரைக்கும்.

மலையில்லா ஊரில் எங்கே பழகுவது? இரயில் நிலையத்து நடைமேம்பாலமே எங்களுக்கு மலையாயிற்று. இரவுப் பணி முடித்து வந்தோரும் பகற்பணிக்குச் செல்வோரும் வியப்புடன் நோக்க, மணல் நிரப்பிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நாற்பது முறை ஏறி இறங்கினோம். "சாமிக்கு என்ன வேண்டுதலோ!" என்று பூ விற்கும் பாட்டி ஒருவர் உரக்கவே கேட்டார்.

இந்நாள்களில்தான் ஒரு விதவைத் தாய் நம்மிடம் வந்தார். குழுவில் இளையவன் அவருடைய ஒரே மகன். "இவன் அப்பா போன பிறகு எனக்கு இவன்தான், சாமி. நீங்கள் கூடப் போகிறீர்கள் என்பதால்தான் சரி என்றேன்" என்றார். அச்சொல் நம் நெஞ்சில் பழைய புண்ணொன்றைத் தொட்டது.

குருப்பட்டம் பெற்ற புதிதில், 1998-இல், இதே வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து சிறுவர்களைக் கம்பாக்கம் மலை அருவிக்கு அழைத்துச் சென்றோம். எப்பொழுது திரும்புவோம் என்று ஒருவரிடமும் கூறவில்லை; கைவிளக்கும் கொண்டுபோகவில்லை. பாறைகளுக்கிடையே இருட்டிவிட்டது. விடியும்வரை ஒரு பாறைமேல் அமர்ந்திருந்தோம். பிள்ளைகளுக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. ஆயினும் காலையில் ஊர் திரும்பியபோது கோவில் படிகளில் இரவெல்லாம் விழித்திருந்த அன்னையரின் முகங்களை இன்றுவரை மறந்தோமில்லை. ஒருவரும் நம்மை வையவில்லை. வைதிருந்தால் எளிதாயிருந்திருக்கும்.

பின்னர் 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றத்தினர் மாண்ட செய்தி வந்தபோதும் அம்முகங்களே கண்முன் நின்றன.

இறுதிப் பயிற்சியாகப் பூண்டியை அடுத்த குடியம் குகைகளுக்குச் சென்றோம். முட்புதர்க் காட்டினூடே சில கிலோமீட்டர் நடை. கூழாங்கற்கள் இறுகிய பெரும்பாறை கூரைபோல் கவிந்திருக்கும் இடம். கற்கருவி செய்த ஆதி மனிதர் உலவிய நிலம் இது. இதே வட்டாரத்து அத்திரம்பாக்கத்தில் 1863-இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கருவிகளின் தொடர்ச்சியாக நிகழ்ந்த ஆய்வுகள், அங்கே மனிதர் வாழ்வு ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுத் தொன்மையுடையது எனக் காட்டியுள்ளன. இளைஞர்கள் அப்பாறையை அண்ணாந்து பார்த்து மகிழ்ந்தனர். நாமோ ஒரு கல்லின்மேல் அமர்ந்து, நெஞ்சின் இறுக்கம் தணியக் காத்திருந்தோம். 56 வயதுக்கு இது இயல்பே என்று நமக்கு நாமே கூறிக்கொண்டோம்.

மருத்துவர் அவ்வாறு கூறவில்லை. "சமதளத்தில் நடங்கள் ஃபாதர். மலை வேண்டாம்" என்றார்.

அன்பர்களே, இதனை மறைக்காமல் எழுதுகின்றோம்: அச்செய்தியை ஒன்பது நாள் ஒருவரிடமும் சொல்லவில்லை. மலைப்பயணத்துக்கு உடல்தகுதிச் சான்று தேவை. பழகிய ஒருவர், "சான்றிதழ்தானே சாமி, நான் வாங்கித் தருகிறேன்" என்றார். வேண்டாம் என உடனே சொல்ல நம் நா எழவில்லை. தாய்க்குக் கொடுத்த வாக்கை எவ்வாறு மீறுவது என்பது வெளிக்காரணம். கிழவனாகிவிட்டோம் என ஒப்புக்கொள்ள மனமில்லாமையே உட்காரணம். மலையில் ஒருவர் விழுந்தால் நால்வர் சுமக்க வேண்டும், சுமப்போரும் தளர்வர். நம் வீம்புக்கு அப்பதினொருவர் விலை கொடுக்கலாமா? பத்தாம் நாள் குழுவை அழைத்து உண்மையைக் கூறினோம்.

அவர்கள் வாடினர். "அப்படியென்றால் பயணமே வேண்டாம்" என்றான் ஒருவன். அன்று மாலையே அத்தாயின் வீடு சென்று அவரிடமும் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அன்றைக்கு உங்களோடு அருவிக்கு வந்தவர்களில் என் தம்பியும் ஒருவன், சாமி. எங்கள் அம்மாவோடு நானும் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் எங்கே என்று சொல்ல ஒரு ஆள் இல்லையே என்றுதான் அழுதோம். இந்த முறை நீங்கள் இங்கே இருங்கள். அது போதும்" என்றார்.

அவ்வாறே திட்டம் திருத்தப்பெற்றது. முன்பே மலை பழகிய பொருத்துநர் ஒருவர் தலைவரானார். வழிகாட்டியின் பின்னே மெதுவாக நடப்பவர் முதலிலும், வலியவர் கடைசியிலும் செல்வர். உச்சிக்குச் செல்லும் நாளில் குறித்த மணி அடித்ததும், சிகரம் கண்ணெதிரே நின்றாலும், திரும்பிவிட வேண்டும். காட்டுக்குள் கைப்பேசியை நம்ப இயலாது. ஆகவே அனைவர் பெயரும் இரத்தப் பிரிவும், வனத்துறைத் தொலைபேசி எண்ணும், போனக்காட்டுக்கு இறங்கி வர வேண்டிய நேரமும், எவ்வளவு தாமதமானால் யாரை அழைப்பது என்பதும் எழுதிய தாள் ஒன்று நம் மேசைமேல் உள்ளது. அதன் படி ஒவ்வொரு வீட்டிலும் உள்ளது. ஊதியம் இழக்கும் எழுவர்க்கும் மற்றோர் ஆளுக்குக் கொஞ்சம் பகிர்ந்துகொள்வதென்றும் முடிவாயிற்று.

அம்மலையின் வரலாறும் இத்தகைய துணைகளின் வரலாறே. திருவிதாங்கூர் அரசின் வானாய்வாளர் ஜான் ஆலன் புரூன் 1855-இல் அதன் உச்சியில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். சாலையற்ற அவ்வுயரத்துக்குப் பொருள்களைச் சுமந்த தோள்கள் எத்தனையோ! அவர் பெயர் நிலைத்தது. சுமந்தோர் பெயர் நமக்கு எட்டவில்லை. 1987-இல் அங்கே சென்ற அறிவியலார், தாம் களைத்திருக்க வழிகாட்டிய காணி மக்கள் களைப்பின்றி நடப்பதைக் கண்டு வியந்தனர். அம்மக்கள் வழியில் மென்ற சிறு கனிகளே அதற்குக் காரணம் என அறிந்தனர். அச்செடியே இன்று ஆரோக்கியப்பச்சை எனப் புகழ்பெற்றுள்ளது. முன்னே நடந்தவர் பகிர்ந்ததே பின்னே வந்தவர்க்கு வலிமை.

இவ்விதழ் உங்கள் கையில் சேரும்போது நம் இளைஞர்கள் பையைக் கட்டிக்கொண்டிருக்கலாம். அவர்கள் காட்டுக்குள் இருக்கும் இரண்டு இரவும் நம் அறையின் விளக்கு எரியும். அத்தாய் மட்டுமன்று, எவர் வந்து கேட்டாலும், பிள்ளைகள் இந்நேரம் எங்கே இருப்பர் என்று தாளைப் பார்த்துச் சொல்ல நாம் விழித்திருப்போம்.