சனிக்கிழமை இரவின் கணக்கு

வட கரோலினாவில் நார்த் வில்க்ஸ்பரோ என்ற சிற்றூரின் பந்தயத் தளத்தில் 2023 மே மாதம் கார்ப் பந்தய அமைப்பான நாஸ்காரின் முதல்நிலைக் கார்கள் மறுபடி ஓடின. 1947இல் திறந்த தளம் அது. 1996இல் கடைசி முதல்நிலைப் பந்தயம் நடந்தது. அதற்கு முன்பே, வேறு மாநிலங்களில் பெரிய தளங்கள் வைத்திருந்த இரண்டு முதலாளிகள் அதை ஆளுக்குப் பாதியாக வாங்கியிருந்தார்கள். அவர்கள் குறிவைத்தது தளத்தை அல்ல, அதற்கு ஆண்டுதோறும் ஒதுக்கப்பட்ட இரண்டு பந்தயத் தேதிகளை. ஒரு தேதி டெக்சஸுக்குப் போயிற்று, இன்னொன்று நியூ ஹாம்ப்ஷயருக்கு. தளத்தைப் பூட்டிவிட்டார்கள். 27 ஆண்டுகள் கழித்து முதல்நிலைக் கார்கள் அங்கே திரும்பிய செய்தியைப் பற்றி ஷார்லட்டில் என்னோடு வேலை செய்யும் நண்பரிடம் பேசிக்கொண்டிருந்தேன். "என் மாமா இந்த மாதிரித் தளங்களில் இருபத்தைந்து வருஷம் ஓட்டினவர். ஓட்டின காரையும் அவரே செய்தார். போய்ப் பாருங்கள்" என்றார்.

செய்தார் என்ற சொல்தான் என்னை இழுத்தது. என் பெரியப்பா கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் தகடு அடித்தவர். மரச் சுத்தியல் தகட்டில் விழும் ஓசையைக் கேட்டு வளர்ந்தவன் நான். அமெரிக்காவில் பந்தயக் காரின் உடம்பைக் கையால் அடித்த ஒருவர் இருக்கிறார் என்றால் பார்க்காமல் இருக்க முடியாது.

நாஸ்கார் நடத்துவது ஸ்டாக் கார் பந்தயம். கடையில் விற்கும் காரையே கொண்டுவந்து ஓட்டும் பந்தயமாகத் தொடங்கியது அது. 1949 ஜூன் 19 அன்று ஷார்லட்டின் மண் தளத்தில் நாஸ்காரின் முதல்நிலைத் தொடரின் முதல் பந்தயம் நடந்தது. முதலில் வந்தவர் க்ளென் டனவே. சோதித்துப் பார்த்தபோது காரின் பின்பக்க ஸ்பிரிங்குகளை மாற்றியிருந்தது தெரிந்தது. கள்ளச்சாராயம் ஏற்றினால் பின்பக்கம் தாழ்ந்து போலீஸுக்குக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காகச் செய்த மாற்றம் அது. அவரைத் தள்ளிவிட்டு கான்சஸிலிருந்து வந்த ஜிம் ரோப்பருக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். விதிக்கும் பட்டறைக்கும் இடையிலான இழுபறி அன்றே தொடங்கிவிட்டது. அந்த இழுபறியில்தான் இந்தத் தொழில் வளர்ந்தது.

நண்பரின் மாமாவான அந்தப் பெரியவரின் வீடு ராண்டால்ஃப் கவுன்ட்டியில், பைன் மரங்களுக்கு நடுவே இருக்கிறது. வயது எழுபத்தெட்டு. வலது கைச் சுண்டுவிரலில் மேல் கணு இல்லை. "சார்" என்று கூப்பிட்டேன். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் மூத்தவர்களை அப்படித்தான் கூப்பிட வேண்டும். எஞ்சினைப் பற்றி நெடுநேரம் சொன்னார். கார்ப்பரேட்டரும் கேம் ஷாஃப்டும் எனக்குப் பாதிதான் விளங்கியதால் அதை விட்டுவிடுகிறேன். பட்டறையின் மூலையில் நின்ற இங்கிலீஷ் வீலிடம் வந்ததும் அவர் குரலே மாறிவிட்டது.

ஆள் உயரத்துக்கு வார்ப்பிரும்புச் சட்டம், வாய் திறந்த வளைவாக. அந்த வாயில் மேலே பெரிய தட்டைச் சக்கரம், கீழே சிறிய, வயிறு உப்பிய சக்கரம். இரண்டுக்கும் நடுவே தகட்டைக் கொடுத்து, கீழே உள்ள திருகால் அழுத்தத்தைக் கூட்டி, முன்னும் பின்னும் தள்ளி இழுக்க வேண்டும். தறியில் நாடா போய் வருவதுபோல் தகடு போய் வந்தது. ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் ஒரு கோடு தள்ளிப் போடுகிறார். உருட்டிய இடத்தில் தகடு மெலிந்து விரிகிறது. விரிந்தது போக இடமில்லாமல் மேலே எழும்பி வளைவாகிறது. பார்க்கையில் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். கையை வைத்துத் தடவினால் வயிறு வந்திருக்கும். "கண்ணை நம்பாதே தம்பி, உள்ளங்கையை நம்பு. ஒரு கந்தலைப் பிடித்துக்கொண்டு தடவினால் மேடு பள்ளம் இன்னும் நன்றாகத் தெரியும்" என்றார். என் பெரியப்பாவும் பழைய பனியன் துணியை வைத்துத்தான் தடவிப் பார்ப்பார்.

அந்தக் காலத்துப் பந்தயக் காரில் கூரை, பானெட், டிக்கி மூடி மூன்றும் கார்க் கம்பெனியிலிருந்து வரும். மற்ற எல்லாமே, அதாவது மட்கார்டு, கதவுப் பக்கம், மூக்கிலிருந்து வால்வரை இணைக்கும் தகடுகள், பட்டறையில் உருட்டி, குழாய்ச் சட்டத்தின் மேல் வைத்து, வெல்டு வைத்து, ராவி எடுத்தவை. பந்தயத்துக்கு முன் அதிகாரிகள் அலுமினிய அச்சுகளைக் காரின் மேல் வைத்துப் பார்ப்பார்கள். அச்சுக்கும் தகட்டுக்கும் இடையே அனுமதிக்கப்பட்ட இடைவெளி கொஞ்சம் இருந்தது. அந்தக் கொஞ்சத்துக்குள் காற்றை ஏமாற்றுவதுதான் தகட்டுக்காரனின் வித்தை.

வார நாட்களில் அவர் ஒரு பெரிய அணியின் பட்டறையில் இந்த வேலையைச் செய்தார். இரவில் தன் காருக்கு. சனிக்கிழமை இரவு ஓட்டம்: ஆஷ்போரோ பக்கத்துக் காரவே, ஹிக்கரி, வின்ஸ்டன் சேலத்தில் போமன் க்ரே. போமன் க்ரே கால்பந்து மைதானத்தைச் சுற்றி ஓடும் கால் மைல் வட்டம். 1949இலிருந்து அங்கே நாஸ்கார் பந்தயம் நடக்கிறது. பெரியவர் 1966இல் ஓட்டத் தொடங்கி 1991இல் நிறுத்தினார். முதல்நிலைப் பந்தயத்துக்கு அவர் போகவேயில்லை. போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். பதில் சொன்னது அவர் மனைவி.

அந்த அம்மா ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே கட்டுக்கட்டாகச் சீட்டுகள். மின்னணுக் கருவி வருவதற்கு முன், ஒவ்வொரு காருக்கும் ஒருவர் உட்கார்ந்து, கார் கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் கட்டத்தில் எழுத வேண்டும். அந்த ஆளை அணிதான் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் ஓட்டுபவரின் மனைவி. இருநூறு சுற்று என்றால் இருநூறு தடவை. கழிப்பறைக்குப் போக முடியாது, கணவனின் கார் புகைக்குள் மறைந்தாலும் எழுந்து ஓட முடியாது. சம்பளம் கிடையாது.

1978 ஆகஸ்டுச் சீட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். அந்த வாரம்தான் கணவர் புது எஞ்சினுக்காக வீட்டை அடகு வைத்தது வங்கிக் கடிதத்தின் மூலம் அவருக்குத் தெரிந்தது. "அன்றைக்கும் போய் எழுதினேன். ஒரு சுற்று விடவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று வாரம் பேசவில்லை" என்றார். பெரியவர் தலையை ஆட்டினார். மகளின் பிறந்தநாள் சனிக்கிழமை வந்தால் ஞாயிறுதான் கேக். அவள் வெட்டும்போது பல வருஷம் அவர் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். மகள் இப்போது ஒஹாயோவில் இருக்கிறாள். டீவியில் பந்தயம் ஓடினால் அறையை விட்டுப் போய்விடுவாளாம். "எங்கள் வீட்டில் யாருக்கும் உயிர் போகவில்லை. அதை மட்டும் சொல்லிக்கொள்ளலாம்" என்றார் பெரியவர்.

அவர் யாரை நினைத்துச் சொன்னார் என்பது புரிந்தது. பந்தயத்துக்குப் பேர்போன பெட்டி (Petty) குடும்பத்தின் ஊரான லெவல் க்ராஸ் அதே கவுன்ட்டியில்தான் இருக்கிறது. லீ பெட்டி 1959இல் முதல் டேட்டோனா 500ஐ ஜெயித்தவர். மகன் ரிச்சர்ட் 200 வெற்றி, 7 பட்டம். எஞ்சின் செய்தது இன்னொரு மகன் மாரிஸ். 1975இல் டாலடேகாவில் ரிச்சர்டின் மைத்துனர் ரேண்டி ஓவன்ஸ் பந்தயத்தின் நடுவே தண்ணீர்த் தொட்டி வெடித்துச் செத்தார். 2000 மே மாதம் பேரன் ஆடம் 19 வயதில் பயிற்சி ஓட்டத்தில் செத்தான். ஏழு பட்டம் வாங்கிய வீட்டுக்கே இதுதான் கதி.

அந்தச் சீட்டுகளைப் பார்த்தபின் எனக்கு வெண்டெல் ஸ்காட் நினைவுதான். வர்ஜீனியாவின் டான்வில்லைச் சேர்ந்த கறுப்பினத்தவர். மெக்கானிக்கும் அவரே, ஓட்டுநரும் அவரே. பிள்ளைகள்தான் பட்டறை ஆட்கள். 1963 டிசம்பர் 1 அன்று ஜாக்சன்வில்லில் எல்லோரையும் விட இரண்டு சுற்று முன்னால் இருந்தார். கொடியை அசைத்தது பக் பேக்கர் என்ற வெள்ளையருக்கு. கூட்டம் கலைந்த பிறகுதான் சுற்றுக் கணக்கில் பிழை என்று ஒப்புக்கொண்டார்கள். கோப்பையை நாஸ்கார் அவர் குடும்பத்திடம் கொடுத்தது 2021இல். ஸ்காட் 1990இலேயே இறந்துவிட்டார். வீட்டில் உள்ள எல்லோரும் கூலியில்லாமல் உழைத்து ஒரு காரைக் கட்டி ஓட்டி ஜெயித்தாலும், ஜெயித்தாய் என்று சொல்லும் பேனா வேறொருவர் கையில் இருந்தது. என் கோபம் அங்கேதான். இன்றும் அந்தப் பேனா இடம் மாறவில்லை. 2025 முதல் ஏழு ஆண்டுகளுக்குத் தொலைக்காட்சி உரிமை 770 கோடி டாலர். பந்தயங்களில் உறுதியான இடம் 36 கார்களுக்கு மட்டும். கூடைப்பந்துக் கோடீஸ்வரர் மைக்கேல் ஜோர்டன் பங்குதாரராக இருக்கும் அணியே 2024 அக்டோபரில் பங்கு போதவில்லை என்று நீதிமன்றத்துக்குப் போயிற்று. ஜோர்டனுக்கே போதாத பங்கில், சனிக்கிழமை ஓட்டுகிற மெக்கானிக்குக்கு என்ன மிஞ்சும்? எந்த டயர் போட வேண்டும் என்பதையும் தளத்துக்காரர்தான் சொல்கிறார், அந்த டயரை அவர் காட்டும் இடத்தில்தான் வாங்க வேண்டும். பெரியவர் ஓட்டத்தை நிறுத்திய 1991இல் பரிசுப் பணம் முழுவதும் டயருக்கே போதவில்லை. இதையும் அந்த அம்மாதான் நோட்டைத் திறந்து காட்டினார்.

பேச்சின் நடுவே மகன் வந்தார், ஐம்பதைத் தாண்டியவர். அப்பாவிடம் தகடு உருட்டக் கற்று, மூர்ஸ்வில்லில் ஒரு பெரிய அணியில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். 2022இல் புதுத் தலைமுறைக் கார் வந்தது. சட்டம் ஒரே கம்பெனியிலிருந்து, உடம்புப் பலகைகளும் ஒரே கம்பெனியிலிருந்து. இரும்புத் தகடு இல்லை, எல்லாம் கலப்பு இழை. பெட்டியில் வருவதைப் பூட்டினால் போதும். செலவைக் குறைக்கச் செய்த மாற்றம் என்றார்கள். குறைந்த செலவில் முதலில் போனது தகட்டுக்காரர்களின் கூலி. மகன் இப்போது ஏர் கண்டிஷன் குழாய்களுக்குத் தகரம் வளைக்கிறார். "நேர்க்கோடுதான். வளைவே கிடையாது" என்றார். முப்பது வருஷம் உள்ளங்கையில் சேர்த்த அறிவுக்கு ஒரு மாநிலம் முழுவதும் தேடினாலும் இப்போது வேலை இல்லை. பெரிய இழப்பு இது. வேக வரலாறு எழுதுகிறவர்கள் இதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்க வேண்டும்.

மகனுக்கு ஒரு பெண், பதின்மூன்று வயது. லெஜெண்ட்ஸ் கார் ஓட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாளாம். 1930களின் கார்களை எட்டில் ஐந்து பங்காகச் சுருக்கியதுபோன்ற சிறு கார். மோட்டார் சைக்கிள் எஞ்சினில் ஓடும். பெரியவருக்கு முகம் மலர்ந்தது. "மட்கார்டு நான் அடித்துத் தருகிறேன்" என்றார்.

"ஃபைபர் கிளாஸ் அப்பா. வாங்கத்தான் வேண்டும்."

"எஞ்சினையாவது திறக்கலாமா?"

"முத்திரை வைத்து வரும். திறந்தால் தகுதி போய்விடும்."

பெரியவர் வீலின் திருகைத் தளர்த்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த அம்மா பெட்டியை மூடி ஓரமாக வைத்தார். பையைத் துழாவிப் புது நோட்டு ஒன்றை எடுத்தார்.

"அவள் ஓட்டட்டும். ஆனால் இந்தத் தடவை நான் சுற்று எழுத மாட்டேன். செலவை எழுதுவேன், முதல் நாளிலிருந்து. என் நேரத்துக்கும் ஒரு பத்தி போடுவேன், உன் நேரத்துக்கும் போடுவேன்" என்று மகனிடம் சொன்னார். "சொல்லு, டயர் என்ன விலை?"

மகன் விலையைச் சொன்னார். அந்த அம்மா எழுதினார். நான்கால் பெருக்கச் சொன்னார் பெரியவர்.